இம்யூனோதெரபி கொடுத்தவர்களே இப்போது ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று எதிராகாதா?

கேள்வி கேட்டவர்: காவிரிக்கரை_மகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 66 வயது. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பீடிப் பழக்கம் இருந்தது, விட்டுப் பல வருடம் ஆகிறது. போன வருடக் கடைசியில் நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது, நான்காம் நிலை. திசுச் சோதனையில் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற மரபணு மாற்றங்கள் இரண்டும் நெகட்டிவ். பி.டி.-எல்1 என்ற புரதம் மட்டும் 70 சதவீதம் என்று வந்தது. 50-க்கு மேல் இருப்பதால் கீமோ இல்லாமல் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்கு ஒரு முறை டேகேரில் ட்ரிப்ஸ். அதற்கான பணத்தை எப்படிப் புரட்டினோம் என்பது தனிக் கதை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் தெரிந்த கட்டி சுருங்கியது. சாப்பாடு இறங்கியது. சாயங்காலம் கோயில் வரை நடந்து போய்விட்டு வருவார். அப்புறம் ஒரு வறட்டு இருமல் தொடங்கியது. மாடிப்படி ஏறினால் மேல்மூச்சு வாங்கினார். பக்கத்துக் கிளினிக்கில் நெஞ்சுச் சளி என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள், குறையவில்லை. ஒரு நாள் இரவு ஆக்சிமீட்டர் 89 காட்டியதும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் திட்டுத் திட்டாக வெள்ளை. குழாய் விட்டுச் சளி எடுத்துக் கிருமி, காசநோய் எல்லாம் பார்த்தார்கள், எதுவும் இல்லை. "மருந்தால் வந்த நிமோனைட்டிஸ்", அதாவது நுரையீரல் அழற்சி என்று சொல்லி இம்யூனோதெரபியை நிறுத்திவிட்டார்கள். இப்போது மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போகிறது. ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து மூச்சு கொஞ்சம் பரவாயில்லை.

என் குழப்பம் இதுதான். முதலில் "உங்கள் அப்பாவின் எதிர்ப்பு சக்தியே கட்டியை அழிக்கும்" என்றார்கள். இப்போது அதே எதிர்ப்பு சக்தியை அடக்க ஸ்டீராய்டு என்கிறார்கள். அப்படியானால் கட்டி மறுபடி வளர்ந்துவிடாதா? இத்தனை நாள் போட்டதெல்லாம் வீணா? ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேட்டேன். "கவலைப்படாதீங்க, இது வழக்கமான சிகிச்சைதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, அத்தனை நோயாளிகள். ஆனால் எனக்குப் புரிய வேண்டும். சித்தப்பா வேறு சீந்தில் பொடியும் கபசுரக் குடிநீரும் வாங்கி வந்து, "எதிர்ப்பு சக்தியை மறுபடி ஏத்தணும், நைசா கொடுத்துடு" என்கிறார்.

இந்த வழியில் போய் வந்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: நெல்லை_ஓய்வாசிரியர்

அம்மா, உங்கள் அப்பா சீக்கிரம் தேறி வர வேண்டும். நுரையீரல் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எதிர்ப்பு சக்தியை வைத்துப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவன் நான், அந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

எனக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். தசை வரை போகாத நிலை. உள்ளே குழாய் விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு, மறுபடி வராமல் இருக்க பி.சி.ஜி. கொடுக்க வேண்டும் என்றார்கள். குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிறோமே, அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான். நம் கிண்டியிலேயே 1948-லிருந்து அதற்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதைப் போய்ச் சிறுநீர்ப்பைக்குள் விடுவதா என்று எனக்கும் திகைப்பாகத்தான் இருந்தது. கனடாவில் ஆல்வரோ மொராலெஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் 1976-இல் 9 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டு எழுதினாராம். இன்றைக்கும் உலகம் முழுக்க இந்த வகைக்கு முக்கியமான மருந்து அதுதான் என்று என் டாக்டர் விளக்கினார்.

வாரம் ஒரு முறை, ஆறு வாரம். மருந்தை உள்ளே விட்டு 2 மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். அப்புறம் கழிக்கும்போது எரிச்சல் உயிர் போகும். இரவில் குளிர் காய்ச்சல். உயிருள்ள கிருமி என்பதால் வீட்டுக் கழிப்பறையில் 6 மணி நேரத்துக்குப் பிளீச்சிங் ஊற்றச் சொன்னார்கள். இந்த எரிச்சலும் காய்ச்சலும் எதனால் என்று கேட்டபோது, "கிருமியைப் பார்த்து உங்கள் வெள்ளை அணுக்கள் கூட்டமாக அங்கே வருகின்றன, வந்த இடத்தில் மிச்சமிருக்கும் புற்றுச் செல்களையும் சேர்த்துத் தாக்குகின்றன, அந்தச் சண்டையைத்தான் நீங்கள் உணர்கிறீர்கள்" என்றார் டாக்டர். அதே மூச்சில், காய்ச்சல் 2 நாளுக்கு மேல் நின்றாலோ 102-ஐத் தாண்டினாலோ இரவானாலும் வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கொஞ்சம் சண்டை நடந்தால் மருந்து, எல்லை மீறினால் ஆபத்து. உங்கள் அப்பாவுக்கு எல்லை மீறியிருக்கிறது போலிருக்கிறது. மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

பதில்: வார்டு_சிஸ்டர்

தங்கச்சி, நான் சென்னையில் புற்றுநோய் வார்டில் நர்ஸ். 2020, 2021 இரண்டு வருடமும் கோவிட் ஐ.சி.யு.வில் போட்டிருந்தார்கள். நான் டாக்டர் இல்லை, அப்பாவின் ஃபைலையும் பார்க்கவில்லை. அதனால் மருந்து அளவு பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கேள்வியை என் கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அது நல்ல கேள்வி. அதற்கு நிதானமாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். வார்டில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. பெம்ப்ரோலிசுமாப் எதிர்ப்பு சக்தியை "ஏற்றும்" மருந்து கிடையாது. நம் உடம்பில் டி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. நோய் பிடித்த செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது அதன் வேலை. அது நம் சொந்த உறுப்பையே கொன்றுவிடாமல் இருக்க அதன் மேலேயே பிரேக் வைத்திருக்கிறது உடம்பு. அப்படி ஒரு பிரேக்தான் பி.டி.-1. புற்றுச் செல் என்ன செய்கிறதென்றால், தன் மேல் பி.டி.-எல்1 என்ற புரதத்தைக் காட்டி அந்தப் பிரேக்கை அழுத்திவிடுகிறது. டி செல் பக்கத்தில் வந்தும் கொல்லாமல் நின்றுவிடும். அப்பாவின் ரிப்போர்ட்டில் 70 சதவீதம் என்று இருந்ததே, அது இதைத்தான் சொல்கிறது. அவருடைய கட்டியில் அவ்வளவு செல்கள் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. மருந்து போய் பி.டி.-1 மேல் உட்கார்ந்து, கட்டியால் பிரேக்கை அழுத்த முடியாமல் செய்துவிடுகிறது. கழுத்துக் கட்டி சுருங்கியது அப்படித்தான்.

ஆனால் அந்தப் பிரேக் கட்டிக்காக உருவானதில்லை. நுரையீரல், குடல், தைராய்டு, கல்லீரல், இதயம் எல்லாவற்றையும் நம் சொந்த அணுக்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக இருப்பது. இது எவ்வளவு அவசியம் என்பது 1995-லேயே தெரிந்துவிட்டது. சி.டி.எல்.ஏ.-4 என்ற இன்னொரு பிரேக் இல்லாமல் எலிகளைப் பிறக்கவைத்தார்கள். அவை 3, 4 வாரத்தில் செத்துப்போயின. வெட்டிப் பார்த்தால் இதயத்திலும் கணையத்திலும் வெள்ளை அணுக்கள் புகுந்து நாசம் பண்ணியிருந்தன. கிருமி எதுவும் இல்லை, அவற்றின் சொந்தப் பாதுகாப்பே கொன்றுவிட்டது. அதே சி.டி.எல்.ஏ.-4 பிரேக்கைக் கொஞ்ச காலம் மட்டும் விலக்கினால் கட்டியை அழிக்கலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன். பி.டி.-1-ஐக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் கியோட்டோவின் தசுகு ஹோஞ்சோ. இருவருக்கும் 2018-இல் நோபல் கொடுத்தார்கள். அப்பாவுக்குப் போட்ட மருந்தும், அப்பாவுக்கு வந்த நிமோனைட்டிஸும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பிரேக் விலகியதில் சில டி செல்கள் கட்டிக்குப் போயின, சில நுரையீரலின் நல்ல திசுவுக்குள் போய்விட்டன. ஆன்டிபயாட்டிக் கேட்காததற்கும் காரணம் இதுதான். கொல்வதற்கு அங்கே கிருமியே இல்லை.

இப்போது ஸ்டீராய்டுக்கு வருகிறேன். கோவிட் நேரத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். முதல் வாரம் காய்ச்சல், இருமல், உடம்பு வலி. வைரஸ் பெருகும் காலம் அதுதான். நிறையப் பேர் அதோடு எழுந்து போய்விட்டார்கள். சிலருக்கு மட்டும் இரண்டாவது வாரத்தில் திடீரென்று ஆக்சிஜன் இறங்கும். அந்த நேரத்தில் நுரையீரலைக் கெடுத்ததில் பெரும் பங்கு வைரஸுக்கு இல்லை, அதைத் துரத்த வந்த அழற்சிக்குத்தான். 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெக்கவரி ஆய்வு முடிவு வந்தது. டெக்சாமெத்தசோன், அழற்சியை அடக்கும் மிகப் பழைய, மலிவான ஸ்டீராய்டு, தினம் 6 மில்லிகிராம். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் வைத்திருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் இல்லை. இந்த மூன்றாவது வரிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது. அதே மருந்து, அதே நோய், ஆனால் நேரம் மாறினால் பலன் மாறுகிறது.

அந்த வரியை யாரும் கவனிக்காததன் விலையை 2021 ஏப்ரல், மே மாதங்களில் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் வந்த சீட்டை வைத்துக்கொண்டு காய்ச்சல் வந்த முதல் நாளே ஸ்டீராய்டு விழுங்கிவிட்டு வந்தார்கள். சர்க்கரை 400, 500 என்று நிற்கும். அவர்களில் சிலருக்குக் கறுப்புப் பூஞ்சை வந்து, மூக்கிலிருந்து கண்ணுக்கு ஏறி, கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை எனக்கு. எதிர்ப்பு சக்தியை அடக்குவது சாதாரண காரியமில்லை. அடக்காமல் விடுவதும் சில நேரம் உயிருக்கு ஆபத்து. இரண்டும் உண்மை.

"கட்டி வளர்ந்துவிடாதா" என்று கேட்டீர்கள். இதற்கு எமிலி வைட்ஹெட் என்ற குழந்தையின் கதையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன், பத்திரிகைகளில் எல்லாம் வந்ததுதான். அமெரிக்காவில் 6 வயதுக் குழந்தை, ரத்தப் புற்றுநோய், கீமோ இரண்டு முறை கைவிட்டுவிட்டது. 2012 ஏப்ரலில் பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் அவளுடைய டி செல்களையே வெளியே எடுத்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும்படி மாற்றி, திருப்பி ஏற்றினார்கள். கார்-டி என்பது இதுதான். குழந்தைகளில் இதைப் பெற்ற முதல் நோயாளி அவள். சில நாளில் கடும் காய்ச்சல், ரத்த அழுத்தம் விழுந்தது, வென்டிலேட்டர். ஸ்டீராய்டும் போதவில்லை. பிழைக்க மாட்டாள் என்றே நினைத்தார்கள். ரத்தத்தைச் சோதித்ததில் இன்டர்லூகின்-6 என்ற ஒரு பொருள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அந்த ஆராய்ச்சியை நடத்திய கார்ல் ஜூனின் மகளுக்குச் சிறுவயதில் வரும் மூட்டுவாதம் இருந்ததால், இன்டர்லூகின்-6-ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் என்ற மூட்டுவாத மருந்து பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. தன் ஏழாவது பிறந்தநாளில் கண் விழித்தாள். அப்புறம் எலும்பு மஜ்ஜையைப் பார்த்தால் புற்றுநோய் இல்லை. அந்த அழற்சிப் புயலை அடக்கினார்கள், ஆனால் புற்றுநோயைக் கொல்லும் செல்கள் தம் வேலையை முடித்துவிட்டிருந்தன. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் நம் நாட்டில் அனுமதி கிடைத்தது. கார்-டி கொடுக்கும் எந்த வார்டிலும் டோசிலிசுமாப் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் செல்லை ஏற்றத் தொடங்குவார்கள்.

அப்பாவுடையது வேறு மருந்து, வேறு நோய். அதனால் அதை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. ஆனால் இங்கேயும் இதேபோல ஒரு நம்பிக்கை இருக்கிறது. பக்கவிளைவு வந்த பிறகு அதை அடக்க ஸ்டீராய்டு எடுத்தவர்களில் பலருக்குக் கட்டி சுருங்கியது சுருங்கியபடியே இருந்திருக்கிறது. இம்யூனோதெரபி தொடங்கும்போதே வேறு காரணத்துக்காக அதிக ஸ்டீராய்டில் இருந்தவர்களுக்குத்தான் பலன் குறைவாகத் தெரிந்தது. அவர்களில் நிறையப் பேர் மூளைக்குப் பரவியது போன்ற நிலையில், ஏற்கெனவே நோய் முற்றியவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று, பெம்ப்ரோலிசுமாப் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 3 வாரம் ஆகும். ஊசியை நிறுத்தினாலும் வேலை உடனே நிற்காது. இதனால் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு: நிறுத்திச் சில மாதம் கழித்தும் புதிதாகப் பக்கவிளைவு வரலாம்.

போட்டது வீண் இல்லை தங்கச்சி. இப்போதைக்கு மூச்சுதான் முதலில்.

பதில்: காவிரிக்கரை_மகள்

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஆக்சிஜன் இன்று 2 லிட்டருக்குக் குறைத்துவிட்டார்கள். இப்படியே போனால் மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்புவார்களாம். அதற்கு முன் சில கேள்வி. சித்தப்பா பொடி விஷயத்தில் விடுகிற மாதிரி இல்லை, அவருக்கு என்ன சொல்ல? வீட்டில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அப்பாவுக்கு இளவயதில் டி.பி. வந்து மருந்து சாப்பிட்டு குணமாகியிருக்கிறது, அது இப்போது ஏதாவது செய்யுமா? பங்குனியில் ஊரில் திருவிழா, அப்பா போயே தீருவேன் என்கிறார்.

பதில்: வார்டு_சிஸ்டர்

டி.பி. விஷயத்தை நாளைக் காலை ரவுண்ட்ஸிலேயே சொல்லுங்கள். ஃபைலில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் அதிக ஸ்டீராய்டு எடுத்தால் உள்ளே தூங்கிக்கிடக்கும் காசநோய் எழுந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஸ்டீராய்டுக்கு அடங்காதபோது எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற வேறு மருந்துக்குப் போவதானால் காசநோய், மஞ்சள் காமாலை பி சோதனை பார்க்காமல் கொடுக்கக் கூடாது. நம் ஊரில் இதெல்லாம் புத்தகத்தில் இருக்கும் எச்சரிக்கையோடு முடிவதில்லை, நிஜமாகவே வரும்.

சித்தப்பா பாசத்தில் சொல்கிறார். அவரோடு சண்டை போடாதீர்கள். இதை மட்டும் சொல்லுங்கள்: அப்பாவின் பிரச்சினை எதிர்ப்பு சக்தி குறைந்தது இல்லை, அது தவறான இடத்தில் வேலை செய்தது. அதை இன்னும் தூண்டும் என்று சொல்லப்படுகிற எதையும் இப்போது கொடுக்கக் கூடாது. சீந்தில் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021-இல் மும்பைக் கல்லீரல் மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு வந்த கல்லீரல் அழற்சியை மருத்துவ இதழில் எழுதினார்கள். உடம்பின் சொந்த அணுக்களே கல்லீரலைத் தாக்கும் வகை அது. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். இம்யூனோதெரபியும் கல்லீரலைத் தாக்கக்கூடியது. நாளைக்கு அப்பாவின் ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் அளவு ஏறினால் ஊசியாலா பொடியாலா என்று டாக்டருக்குத் தெரியாமல் போகும். தெரியாவிட்டால் மறுபடி ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவும் முடியாது. நைசாகக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஸ்டீராய்டை ஒரு நாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சு நன்றாக இருக்கிறதே, முகம் வீங்குகிறதே என்று நிறுத்திவிட்டு மறுபடி ஆக்சிஜனோடு வருபவர்களைப் பார்க்கிறேன். குறைந்தது 4 முதல் 6 வாரம், சில சமயம் இன்னும் கூட, படிப்படியாகத்தான் இறக்குவார்கள். அவசரமாக இறக்கினால் நிமோனைட்டிஸ் திரும்பும். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டும் இத்தனை நாளில் அடங்கிப் போயிருக்கும். திடீரென நிறுத்தினால் பிரஷர் விழுந்து மயங்கிவிடலாம். காலையில் சாப்பிட்ட பிறகு மாத்திரை. சர்க்கரையை அடிக்கடி பாருங்கள், இதுவரை சர்க்கரை இல்லாதவருக்கும் ஏறும். கோட்ரைமோக்சசோல் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால், அது எதற்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு நேரத்தில் நுரையீரலுக்கு வரும் ஒரு வகைப் பூஞ்சைக் கிருமியைத் தடுக்கத்தான் அது.

கவனிக்க வேண்டியது நுரையீரல் மட்டும் இல்லை. வழக்கத்தைவிட நாளைக்கு 4 தடவைக்கு மேல் அதிகமாகப் பேதி போனால், மலத்தில் ரத்தம் வந்தால், அது சாப்பாட்டுக் கோளாறு என்று இருந்துவிடாதீர்கள். கண் மஞ்சளாவது. தாகம் அடங்காமல் தண்ணீர் குடித்துச் சிறுநீர் போய்க்கொண்டே இருப்பது. ஓயாத தலைவலியோடு எழுந்திருக்க முடியாத அசதி. இமை தொங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, விழுங்கச் சிரமம். இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சு வலியோ படபடப்போ வந்தால் அந்த நிமிடமே. இதயத் தசையைத் தாக்குவது அபூர்வம்தான், ஆனால் வந்தால் காத்திருக்க நேரம் தராது. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், "இம்யூனோதெரபி எடுத்தவர்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கீமோ எடுத்தார் என்று சொன்னால் அவர்கள் வேறு மாதிரி யோசிப்பார்கள். வெள்ளை அணு குறைந்திருக்கும், கிருமித் தொற்று என்றே முதலில் தேடுவார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்துப் போனில் வைத்திருங்கள்.

திருவிழா. அப்பாவுக்கு ஆசை இருக்கும், புரிகிறது. ஆனால் பங்குனி, சித்திரையில் ஊரில் அம்மை போட்டிருக்கும் வீடுகள் இருக்கும். அதிக ஸ்டீராய்டில் இருப்பவருக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை போய்விடும். டோஸ் நன்றாக இறங்கிய பிறகு டாக்டரைக் கேட்டுப் போகலாம். இந்த வருடம் வேண்டாம் என்று சொன்னால் அம்மா பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். செயலிழந்த கிருமியால் செய்தது போடலாம், உயிருள்ள தடுப்பூசி எதுவும் இப்போது கூடாது.

பதில்: சேலம்_தறி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். "பணத்தை எப்படிப் புரட்டினோம்" என்று அந்தச் சகோதரி எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் அண்ணனுக்கு வாய்ப் புற்றுநோய், புகையிலை. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து மறுபடி வந்துவிட்டது. இம்யூனோதெரபி முழு டோஸ் விலையைக் கேட்டதும் தறியை விற்றாலும் முடியாது என்று எழுந்து வந்துவிட்டோம்.

அப்போதுதான் எங்கள் டாக்டர் டாடா நினைவு மருத்துவமனை ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2023-இல் வெளிவந்தது. குணப்படுத்த முடியாத நிலையிலிருந்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேர். ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகள் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு நிவோலுமாப், அதுவும் பி.டி.-1 பிரேக்கை விலக்கும் மருந்துதான், ஆனால் 20 மில்லிகிராம், 3 வாரத்துக்கு ஒரு முறை. வழக்கமான டோஸ் 2 வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 16.3 சதவீதம், நிவோலுமாப் சேர்த்த பிரிவில் 43.4 சதவீதம். பிரேக்கை விலக்க அவ்வளவு மருந்து தேவையில்லாமல் இருக்கலாம், கொஞ்சம் போனாலே டி செல் மேல் இருக்கும் பி.டி.-1 பெரும்பாலும் நிறைந்துவிடுகிறது என்று விளக்கினார். அண்ணனுக்கு அந்த முறையில்தான் போகிறது. வாய் திறந்து ரசம் சாதம் சாப்பிடுகிறார். இதைக் கண்டுபிடித்தது பணக்கார நாடு இல்லை. நம் நோயாளிகளை வைத்து, நம் டாக்டர்கள், நம் வசதிக்கு ஏற்றதைத் தேடிப்போய்ச் செய்தார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை.

சிஸ்டரிடம் ஒன்று கேட்க வேண்டும். டோஸ் குறைவு என்றால் இந்தப் பக்கவிளைவும் வராது என்று நம்பலாமா?

பதில்: வார்டு_சிஸ்டர்

நம்பி இருந்துவிடாதீர்கள் தம்பி. குறைந்த டோஸிலும் பிரேக் விலகத்தான் செய்கிறது, அதனால்தான் பலன் தருகிறது. நான் மேலே எழுதிய அறிகுறிகள் அண்ணனுக்கும் பொருந்தும். தைராய்டு சோதனையை விட்டுவிடாமல் பாருங்கள். தைராய்டு போனால் பெரும்பாலும் ஸ்டீராய்டு தேவைப்படாது. தினம் ஒரு தைராக்சின் மாத்திரையோடு சிகிச்சையைத் தொடரலாம்.

இன்னொன்று, படிக்கும் எல்லோருக்கும். அந்த ஆய்வு தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு, அந்த மாத்திரைகளோடு சேர்த்துச் செய்தது. நுரையீரலுக்கு முழு டோஸ் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகக் குறைக்கச் சொல்லாதீர்கள். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை.

பதில்: காவிரிக்கரை_மகள்

அக்கா, டி.பி. விஷயத்தைச் சொன்னேன். ஃபைலில் இல்லை. டாக்டர் நின்று முழுவதும் கேட்டுக்கொண்டார், ரத்தச் சோதனை ஒன்று எழுதியிருக்கிறார். பொடியை நாங்கள் கொடுக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிட்டேன். மறுபடி ஊசி போடுவது பற்றிக் கேட்டபோது, ஸ்டீராய்டு முழுக்க இறங்கி, அடுத்த ஸ்கேன் பார்த்த பிறகுதான் முடிவு என்றார். போடாமலே கட்டி அடங்கி இருக்கவும் வாய்ப்புண்டு, நுரையீரலில் மறுபடி வரும் ஆபத்தை எடைபோட வேண்டும் என்று விளக்கினார். இந்த முறை அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

சித்தப்பா பொடியைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார். சர்க்கரை பார்க்கும் மெஷின் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.